வியாழக்கிழமைக் கல்

துடியலூர்,
ஆடி மாதம், திங்கட்கிழமை.

என் இளாவுக்கு,

காற்றுக்காலம் வந்துவிட்டது. மாடியில் துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. காலையில் மேற்கே மலை ஒரு தடவை தெரிந்தது. காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் காணோம். சாரல் மாடிப்படி வரைக்கும் வந்து நின்றுகொண்டிருக்கிறது. இப்படி ஒரு நாளில் நீ பக்கத்தில் இருந்தால் என்னைப் பேசவே விடமாட்டாய். "சித்தெ சும்மா இரு புள்ள, காத்தைக் கேளு" என்று வாயைப் பொத்துவாய். அந்த நினைப்பிலேயே காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எத்தனை அனுப்பினாலும் தை மாதத்திலிருந்து உன்னிடம் பதில் இல்லை. கெஞ்சினேன், திட்டினேன், சித்திரைக்கு வாழ்த்து அனுப்பினேன், எதற்கும் நீ அசையவில்லை. போன வாரம் பஸ் ஏறிப் பவானிக்கே போய்விட்டேன். உன் அம்மா சந்தைக்குப் போகாத நாள். சோறு போட்டுவிட்டுத்தான் எதற்கு வந்தேன் என்றே கேட்டார்கள். விலாசம் வேண்டும் என்றதும் உன் வீட்டுக்காரர் அன்புமணி அனுப்பிய பார்சலின் அட்டையைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். பின்லாந்துக்காரர்கள் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டிரண்டு தடவை எழுதுவார்கள் போலிருக்கிறது. பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன், இனி தபால்காரர் பாடு.

நீ ஆறு மாதம் சுமந்த பிள்ளை தங்கவில்லை என்று தையிலேயே உன் அம்மா சொன்னார்கள். அதற்கு என்ன எழுதுவது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன். இந்தத் தடவை அம்மா கண் கலங்காமல்தான் பேசினார்கள். "மாப்பிள்ளை வேலைக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் இவ வாயே தொறக்கறதில்லையாமா. பேசறதுக்கு ஒரு ஆளு வேணுமல்லோ அம்மணி" என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒரு சம்மதம் கேட்டுத்தான் இந்தக் கடிதம். நம் 'ஏழுநாள் சந்தை' இணையப் பக்கத்தை விலைக்குக் கேட்கிறார்கள்.

சிரிக்காதே, நிஜமாகத்தான். பெங்களூரில் ஒரு கம்பெனியாம். யஷ்வந்த் என்று ஒருவர் வீடு தேடி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார், அதிலேயே என் மாமியாருக்குப் பிடித்துப்போய்விட்டது. புதன்கிழமை நான் போட்ட அரிசியும் பருப்பும் சாதத்தை ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டதாம். நம் பக்கம் எப்படி நடக்கிறது என்று கேட்டார். திங்கள் மேகம், செவ்வாய் ரோட்டோரச் செடிகள், புதன் சமையல், வெள்ளி டவுன்பஸ் படம் வரைவது, சனி நட்சத்திரம், ஞாயிறு அன்றைக்கு மனதில் என்ன இருக்கிறதோ அது என்று சொன்னேன். வியாழனை அவரே கேட்டார். வியாழன் இளவேனிலுடையது, அவள் சத்தம் பிடித்துப் போடுவாள் என்றேன். கூடுதுறையில் தண்ணீர் படியில் மோதுவது, ஈரோடு ஜங்ஷனில் ரயில் நின்ற பிறகு வரும் பெருமூச்சு, மஞ்சள் மூட்டையைக் குத்தூசியால் குத்தும் சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். பாவம், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான். சாப்பாடு பார்க்க வந்தவர்கள் இன்னொரு நாள் வந்து மேகத்தைப் பார்த்தால் ஓடிப்போய்விடுகிறார்கள். ஒரே சரக்கு போட்டால்தான் ஆள் நிற்கும். கம்பெனியே எடுத்து நடத்தும், எனக்கு மாதச் சம்பளம், தினமும் சமையல் மட்டும். மற்ற ஆறு நாளையும், பழையது உட்பட, எடுத்துவிட வேண்டும். பக்கம் நம் இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் இரண்டு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். ஆடி முடிவதற்குள் பதில் வேண்டும்.

ஹாஸ்டலில் நாம் பேர் வைத்த அன்றைக்கு நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். "சந்தைல கத்திரிக்காய்க்குப் பக்கத்துல கவுறு விக்கறாங்க, அதுக்குப் பக்கத்துல அருவா விக்கறாங்க. எல்லாரும் கத்திரிக்காயே வித்தா அது சந்தையா புள்ள?" அவர் சிரித்தார். ஆனால் மசியவில்லை.

புதன்கிழமை.

இரண்டு நாள் விட்டுவிட்டேன். சந்தகை பிழிந்து கை வலி. ஆமாம், இன்றைக்குச் சமையல் போட்டாகிவிட்டது.

ஆசை இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன் இளா. பம்ப் கம்பெனியில் பில் போட்டுப் போட்டு என் கண்ணே பூத்துப்போய்விட்டது. நாளைக்கே வேலையை விட்டுவிட்டு எனக்குப் பிடித்ததைச் செய்து சம்பளம் வாங்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? எல்லாவற்றிலும் கையை வைத்து ஒன்றிலும் தேறமாட்டாள் இவள் என்று மாமியார் சொல்கிறார்கள். அதுவும் முழுப்பொய் இல்லை. மேகம் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டால் பேர் நாலு சொல்வேன், ஐந்தாவது தெரியாது. டவுன்பஸ் வரைந்தால் இன்னமும் முன்சக்கரம் முட்டை மாதிரிதான் வருகிறது. ஆனாலும் மேட்டுப்பாளையம் பஸ் கண்டக்டர் என் படத்தில் தன்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டு, அன்று முதல் எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைக்கிறார். சில்லறைகூடக் கேட்பதில்லை.

வீட்டுக்காரரைக் கேட்டேன். கிருபாசங்கரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, கிரைண்டர் கல் பட்டறை வைத்திருக்கிறவர். எந்த மேகத்தைக் காட்டினாலும் அது அவருக்குக் கிரைண்டராகத்தான் தெரியும். சனிக்கிழமை நட்சத்திரம் பார்க்கக் கூட வருவார், பாயை விரித்ததும் குறட்டை. எத்தனையோ பேர் அந்தக் குறட்டைக்காகவே சனிக்கிழமை பார்க்கிறார்கள். அவர் யோசித்துவிட்டு, சம்பளம் வருவது நல்லதுதான், ஆனால் தினமும் சமைத்தால் உனக்குச் சமையல் கசந்துபோகும், அப்புறம் என் கதி என்ன என்று கேட்டார். இவரிடம் போய்க் கேட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இருந்தாலும் அதற்கப்புறம் மாடிக்குப் போய் உட்கார்ந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாரத்தில் ஏழு நாளும் நான் ஏழு ஆளாக இருக்கிறேன். திங்கட்கிழமை மேகத்தின் பின்னாலேயே போகிறவள் செவ்வாய்க்கிழமை குப்பைமேனிக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பில் போடும்போதுகூட ஜன்னலுக்கு வெளியே பஸ் போனால் சக்கரத்தைத்தான் பார்க்கிறேன். காலையில் எழுந்ததும் இன்றைக்கு நான் யார் என்று நினைத்துக்கொண்டே பல் தேய்ப்பதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இதை யஷ்வந்திடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார். தை மாதத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் ஒரு கல்லைப் படம் பிடித்துப் போடுகிறீர்களே, அது எதற்கு, அதுதான் உங்களைக் கீழே இழுக்கிறது என்றார். ஒரு மாதிரி இருந்தது எனக்கு. எழுந்துபோய் அவருக்கு மோர் கொண்டுவந்தேன்.

அது என்ன கல் என்று உனக்குத் தெரியும். முதல் தடவை நான் உன்னோடு உங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்தபோது அம்மாவின் கீரைக்கடைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. அத்தனை நெரிசலில், கூடை வைக்கக்கூட இடமில்லாத சந்தையில், அங்கே மட்டும் ஒரு சாக்கும் அதன் மேல் ஒரு கல்லும். வெற்றிலை விற்கிறவர் வீட்டில் துக்கம், வர முடியவில்லை, அதனால் பக்கத்துக் கடைக்காரர்கள் கல்லை வைத்து இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். எத்தனை வாரம் என்று கேட்டேன். அவர் வர்ற வரைக்கும் என்றாய்.

அன்றைக்குச் சாயங்காலம் கூடுதுறைப் படியில் நீ பொறுக்கி என் பைக்குள் போட்ட கூழாங்கல்தான் அது. தை மாதத்தில் உன் சத்தம் நின்றதும் மாடியில் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் வைத்தேன். வாராவாரம் படம் எடுக்கிறேன். ஒரு வாரம் அதன் மேல் எறும்பு போய்க்கொண்டிருந்தது. ஒரு வாரம் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. போன வாரம் சாரலில் நனைந்து பச்சையாகிவிட்டது. நான் அதற்கு விளக்கம் ஒன்றும் எழுதுவதில்லை.

வியாழக்கிழமை, பகல்.

இளா, அவசர அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்றைக்கு லீவு போட்டிருந்தேன். கல் படத்தைப் போட்டுவிட்டு நம் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஈரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நம் இஸ்மத் அதன் ஓரத்தில் ஒரு உலகப்படம் போட்டுத் தந்திருக்கிறான், நீ பார்த்திருப்பாய். யார் வந்தாலும் அவர்கள் இருக்கும் இடத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி எரியும், போனால் அணைந்துவிடும். புதன்கிழமை அந்தப் படம் மஞ்சள் தூவினது மாதிரி இருக்கும். வியாழக்கிழமை அநேகமாக வெறும் கடல்தான்.

இன்றைக்கு மேலே, ரொம்ப மேலே, ஒரே ஒரு புள்ளி இருந்தது. நேற்றுச் சமைத்த மஞ்சள் தெறித்துவிட்டது என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். அப்போதும் போகவில்லை. அப்புறம்தான் அது எந்த நாடு என்று உற்றுப் பார்த்தேன்.

உடனே இஸ்மத்தைக் கூப்பிட்டேன். அவன் சாவகாசமாகச் சொல்கிறான்: "அதுங்களா? அது தை மாசத்துலிருந்து வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை வருதுங்க மோகனா. வேற எதையும் தொடாது. அந்தக் கல்லைத் தொறந்து வெச்சுட்டு ரொம்ப நேரம் நிக்கும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது இளா. ஒரு வாரம்கூட எனக்குத் தெரியாது. யாரும் பார்க்காத படத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். நீ அங்கே, நான் இங்கே. மாடிக்கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, எழுந்துபோய்ச் சாத்த மனமில்லை. அந்த நேரத்துக்கு அன்புமணி வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார். உனக்கு அங்கே இந்த மாதங்களில் சூரியன் அடையவே அடையாதாமே, ஜன்னலில் வெளிச்சம் விழுந்திருக்குமா, டீ ஆறிப்போயிருக்குமா என்று நினைத்துக்கொண்டே பார்த்திருந்தேன். ஒன்றுமே பேசவில்லை நாம். கொஞ்ச நேரம் கழித்து நீ போய்விட்டாய். எனக்கு ஏனோ நிறையப் பேசிவிட்டு எழுந்த மாதிரி இருந்தது.

இனி அந்தக் கம்பெனி விஷயம். வியாழக்கிழமையை எடுத்துவிட்டால் அந்தப் புள்ளி எங்கே வந்து நிற்கும்? எனக்குச் சம்மதமில்லை. ஆனால் பாதி உன்னுடையது, உன்னைக் கேட்காமல் இல்லை என்று சொல்லவும் எனக்கு உரிமை கிடையாது. அதனால்தான் கேட்கிறேன்.

கடிதத்தை ஒட்டப்போகும்போது கிருபாசங்கர் எட்டிப்பார்த்துவிட்டு, "தபால் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஆடி முடிஞ்சுபோகுமே அம்மணி" என்றார். தெரியும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சிரித்தார், பட்டறைக்குப் போய்விட்டார். உனக்கும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். யஷ்வந்த் நல்ல மனிதர், இன்னொரு சமையற்காரி கிடைப்பாள் அவருக்கு.

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் பவானியில் அம்மா கொடுத்த மஞ்சள்தூளும், கொஞ்சம் கச்சாயமும் இருக்கின்றன. கச்சாயம் உடைந்திருந்தால் தூளாகவே தின்னு. துணியில் சுற்றியிருப்பது நீ விட்டுப்போன, சட்டையில் குத்திக்கொள்ளும் மைக். பேச வேண்டாம் கண்ணு. உனக்கு நடந்ததைப் பற்றி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். ஜன்னலைத் திறந்து அதைப் பக்கத்தில் வை. டீ கொதிப்பதோ, பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படி ஏறுவதோ, எதுவாக இருந்தாலும் அனுப்பு. உன் மூச்சு மட்டும் கேட்டாலும் அது போதும் எனக்கு. அனுப்ப முடியாத வாரம் வந்து நின்றுவிட்டுப் போ. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி தலைமாட்டில் தண்ணீர் வைத்துக்கொள். அன்புமணியை நான் விசாரித்ததாகச் சொல். நீ நல்லா இருக்கோணும் இளா, பழையபடி என் வாயைப் பொத்துகிற அளவுக்கு நல்லா இருக்கோணும்.

கல்லை நான் எடுக்கமாட்டேன். நீ வந்து எடு.

உன் பக்கத்துக் கடைக்காரி,
மோகனப்பிரியா