ரேடியோவின் வேகம்

பங்குனி 9, திங்கள்

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அங்குள்ள ரேடியோ கருவி சிக்னல் அனுப்பும். அது கிடைத்ததும் கண்மாய்க்கரை மோட்டார் ஓடும். புது இன்ஜினியர் அந்த ரேடியோ தகவல் அனுப்பும் வேகத்தைக் கூட்டிவிட்டார். வேகம் கூடினால் சிக்னல் அவ்வளவு தூரம் எட்டாது; மோட்டார் ஓடவில்லை. பல வருடமாக மோட்டார் பார்க்கும் எனக்கு முதல் நாளே காரணம் தெரியும். படிக்காதவன் என்று ஒதுக்கியவரே வந்து கூப்பிடட்டும் என்றிருந்தேன். மூன்றாம் நாளான இன்று கூப்பிட்டார். வேகத்தைக் குறைத்தேன், ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ஏறியது.

குழாயடியில் நின்ற முத்துப்பேச்சி கேட்டாள்: “இம்புட்டுச் சுளுவா? அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் மூணு நாளா எங்களக் கொடத்தோட அலைய விட்டீகளா அண்ணே?”

“அவரு கூப்பிடலையே தாயி.”

“தண்ணி குடிக்கிறது அவரா, நாங்களா?”

அவர் என்னைக் கேட்டிருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனாலும் முத்துப்பேச்சியின் குடத்தை நானே நிரப்பித் தூக்கிவிட்டேன்.