ஃபெர்னாந்தினாவில் அப்பா உட்காரப் போன கல்

புவெர்த்தோ அயோரா
செப்டம்பர் 21

அன்பு மகள் யதீராவுக்கு,

நானும் அப்பாவும் வழக்கமான சண்டை சச்சரவோடு நலமாக இருக்கிறோம். கடல் கடந்த முர்சியாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது துறைமுகத்தில் நின்றுகொண்டு நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? “கப்பல்ல வர்றவங்க எல்லாத் தீவையும் பாக்குறாங்க. இங்கயே பொறந்த நாம ஏம்மா பாக்கல?” போன வாரம்தான் அதற்கு வாய்ப்புக் கிடைத்தது. என்னிடம் படித்த ஃபாஸ்தோ இப்போது இங்குள்ள தேசியப் பூங்காவின் வழிகாட்டி என்பது உனக்குத் தெரியும். கூட்டம் குறைந்த மாதம், அவன் போகும் சுற்றுலாக் கப்பலில் ஓர் அறை காலி. “டீச்சர், நாளைக்குக் காலைல கெளம்புங்க, யோசிச்சா கெடுத்துருவீங்க” என்றான். யோசிக்காமல் கிளம்பிவிட்டோம்.

அப்பா நாற்பது வருடம் ஃபெர்னாந்தினாத் தீவைச் சுற்றி மீன் பிடித்தவர், ஆனால் வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது என்பதால் ஒருநாளும் அதன் மண்ணை மிதித்ததில்லை. இறங்குவதற்கு முந்தின இரவு தன் செருப்பின் அடியைப் பழைய பல் துலக்கியால் மூன்று தடவை தேய்த்தார், நம் தீவின் விதை ஒன்றுகூட அங்கே போய்விடக் கூடாதாம். மறுநாள் காலை பனித்தூறல். ரப்பர் படகில் போய் இறங்கினோம். யதீ, அந்தத் தரையை என்னவென்று சொல்வேன்! பெரிய சட்டியில் பாகு காய்ச்சிக் கிளறும்போது அப்படியே உறைந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி முறுக்கு முறுக்காகக் கறுப்புப் பாறை, அதன்மேல் நூற்றுக்கணக்கில் அதே கறுப்பில் கடல் உடும்புகள், ஒன்றன்மேல் ஒன்று படுத்து மூக்கால் உப்பைத் தும்மிக்கொண்டு. ஓர் ஆண் நீர்க்காகம் பறக்க உதவாத தன் குட்டிச் சிறகை ஆட்டிக்கொண்டு, கூட்டில் இருந்த பெண்ணுக்குக் கடற்பாசி கொண்டுவந்து கொடுத்தது. “நாப்பது வருசம் இதே கடல்ல கெடந்தீங்களே, எனக்கு ஒரு பாசி கொண்டாந்தீங்களா?” என்றேன். “உனக்கு எறால் கொண்டாந்தேன்ல, அது பத்தலயா?” என்றார்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. முட்டி வலிக்கிறது என்று ஒரு கல்லின் மேல் உட்காரப் போனார். கல் தும்மியது. ஃபாஸ்தோ பாய்ந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தான், அவன் முகம் வெளுத்துவிட்டது. விலங்கிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மீறினால் அவன் உரிமமே போகும். கூட வந்த வெளிநாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவும் விடவில்லை, “சொந்தக்காரன் வீட்டுல உக்கார இவன்கிட்ட அனுமதி கேக்கணுமாக்கும்!” என்றார். நானும் சிரித்தேன். படகுக்குத் திரும்பும்போது ஃபாஸ்தோ என் பக்கம் வந்து, “டீச்சர், ஐயா வெளையாடல. அவரு கண்ணுக்கு அது தெரியல. படகுல ஏறும்போதும் என் கைய தடவித்தான் புடிச்சாரு” என்றான்.

கரும்பலகை தெரியுதா என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தெரியும் என்றுதான் சொல்லும். எத்தனை எழுத்து இருக்கிறது என்று கேட்க வேண்டும். மத்தியானம் கப்பல் தளத்தில் உட்கார்ந்திருந்தோம், எதிர்ப் பாறையில் மூன்று நீர்க்காகங்கள். எத்தனை என்று கேட்டேன். “எத்தன இருந்தா என்ன, எதுவும் பறக்கப் போறதில்ல” என்றார். எண்ணிச் சொல்லுங்கள் என்றேன் மறுபடியும். “நார்சி, ரெண்டு வருசமா எல்லாம் தூறலுக்குள்ள இருக்குற மாதிரியே இருக்கு” என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், “சொன்னா நீ அவளுக்குச் சொல்லுவ. அவ வேலைய விட்டுட்டு ஓடி வருவா” என்கிறார். இந்த மனிதரை என்ன செய்வது, சொல்.

வருகிற செவ்வாய்க்கிழமை குவாயகீலுக்கு விமானத்தில் போகிறோம். கண் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். புரையாக இருந்தால் எடுத்துவிடலாமாம், வேறு ஏதாவது என்றால் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். உனக்குத் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன். நாற்பது வருடத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய் இது, கடவுள் மன்னிப்பார்.

நீ வேலையை விட்டு வராதே, வந்தால் இனி எதையுமே அவர் சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீயாகக் கண்ணைப் பற்றி எடுக்காதே. குளிர் தொடங்கிவிடும், கழுத்தைப் போர்த்திக்கொள். கன்னி மரியாள் உன்னை எப்போதும் தன் கண் முன்னே வைத்திருக்கட்டும்.

காப்பி ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விடுகிறார் என்று இரண்டு வருடமாக அவரைத் திட்டியிருக்கிறேன். விரல் சுட்டால்தான் கோப்பை நிறைந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரோடு பேசுவதற்கு முன் நீயும் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்பைக் காப்பி ஊற்றிப் பார்.

உன் அம்மா,
நார்சிசா