அம்மா எழுதி முடிக்காத அர்ஜி

என் செல்ல ஆரோக்கியமேரிக்கு (பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு அங்கிருந்தே என் காதைத் திருகிக்கொள்),

மர்பி டவுன் வாழ் பொதுமக்கள் அனைவருக்கும் மிகுந்த பணிவுடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆறு மாதமாகத் தலைமறைவாக இருந்த நம் வீட்டு மிக்ஸி மூடி, பீரோவுக்குப் பின்னால் உயிருடன் மீட்கப்பட்டது. இனிமேல் சட்னி கூரைக்குப் போகாது.

இன்னொரு சின்னச் செய்தி. உன் அர்ஜியை எம்.எல்.ஏ.விடம் கொடுத்துவிட்டோம், அம்மா.

இந்தக் கடிதம் நம் மாதா கோயில் பத்திரிகையில் வரப்போகிறது. உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் புகழ்கிறேன், பொறுத்துக்கொள். ரேஷன் கார்டோ, சாக்கடையோ, தெருவில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் கன்னடத்தில் அர்ஜி, அதாவது மனு, எழுதித் தந்தது நீதான். கார்பன் வைத்து ஒரு நகலையும் பத்திரப்படுத்துவாய். உன் கையெழுத்தைப் பார்த்தால் தூங்குகிற ஃபைலும் எழுந்து நடக்கும்.

அப்படிப்பட்ட உனக்கு இருமல் வந்தபோது டிபி என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினாய், இருமல் நிற்கவில்லை. நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது எலும்புவரை போயிருந்தது. பேரிலேயே ஆரோக்கியம் வைத்திருந்தவளுக்கு இது என்ன நியாயம்?

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரே கேள்வியையும் கொண்டுவந்தார்கள். "சிகரெட் பழக்கம் உண்டாம்மா?" நீ ஒருநாள் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, என்னைக் காட்டி, "தினம் ரெண்டு பாக்கெட்டுங்க. ஜெரிதான் வாங்கினு வருவான்" என்றாய். பக்கத்து வீட்டு செல்வி ஆன்ட்டி நம்பிவிட்டார்! குறும்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்கவேண்டாம்.

படுக்கையிலும் நீ அர்ஜியை விடவில்லை. மூச்சு வாங்க வாங்கத் தமிழில் குறிப்பு சொன்னாய். இந்த நோய் ஏன் வருகிறது என்று ஆராய அரசாங்கம் பணம் ஒதுக்கவேண்டும். டிபி மாத்திரைக்கு இருமல் கேட்காவிட்டால் உடனே வேறு சோதனை செய்யவேண்டும். மக்களுக்குப் புரிகிற மாதிரி போஸ்டர் ஒட்டவேண்டும். "மண்டை ஓடு படம் போடாதீங்கன்னு எழுதுடா. பயந்துட்டா எவன் டாக்டர்கிட்ட போவான்?" என்றாய். சாகக் கிடக்கிற யாருக்கு இந்த யோசனை வரும்?

அதைக் கன்னடத்தில் எழுதியது நான். எப்படி? உன் பழைய தண்ணீர்க் குழாய் அர்ஜியின் நகலை எடுத்தேன். குழாய் இருந்த இடத்தில் நுரையீரலைப் போட்டேன். கடைசி வரியை மாற்ற மறந்துவிட்டேன்.

எம்.எல்.ஏ. ஆபீஸில் உதவியாளர் எழுத்து நடையைப் பார்த்ததுமே, "ஆரோக்கியமேரி மேடம் அர்ஜிதானே? அவங்க வரலையா?" என்றார்.

"மேல் ஆபீஸுக்கு மாத்தலாயிட்டாங்க சார்" என்றேன். அவர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டார், அம்மா. எம்.எல்.ஏ.வுக்குக்கூட அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்க்கவில்லை.

எம்.எல்.ஏ. முழுவதும் படித்தார். கடைசியில் நிமிர்ந்தார். "ஏன்ப்பா, புற்றுநோய் ஆராய்ச்சி சரி. அதுக்காக உங்க தெருவுக்கு வாரம் ரெண்டு தடவை ஏன் தண்ணி விடணும்?"

"ரெண்டும் அடைச்சுக்கிட்டா வீடு வீடா இருக்காது சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, சிகரெட் குடிக்காதேன்னு பாக்கெட்லயே எழுதியிருக்கே. நான் வேற என்னப்பா சொல்றது?" என்றார் அவர்.

உடனே நான் சிங்கம்போல எழுந்தேன். "எங்க அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்ல சார். மாத்திரை கேக்கலன்னதும் ஒரு ஸ்கேன் எடுங்கன்னு சொல்ல ஆளில்ல. தெரிஞ்சிருந்தா நாங்களே கேட்டிருப்போம். உங்களுக்குப் பேச விதான சௌதா இருக்கு. எங்களுக்கு நீங்கதான் இருக்கீங்க" என்று முழங்கினேன். அவர் தண்ணீர் வரியை மட்டும் அடித்துவிட்டு, சட்டசபையில் இதைக் கேட்பதாக டைரியில் குறித்துக்கொண்டார். கேட்பாரா, அம்மா?

பதில் வரும்வரை மாதம் தவறாமல் அங்கே போய் நிற்பேன். இது சத்தியம். அடுத்த அர்ஜியைக் காப்பி அடிக்காமல் எழுத, கன்னட டீச்சரிடம் ஒழுங்காக உட்கார்ந்து படிக்கிறேன். இதுவும் சத்தியம்தான், நம்பு.

ஆனால்... உன்னிடம் பொய் சொல்லி நான் எப்போது தப்பித்திருக்கிறேன்? சிங்கம் முழங்கவில்லை. "எங்க அம்மா" என்று ஆரம்பித்ததோடு சரி, உதவியாளர் தந்த தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பேசியது அப்பா. ரேஷன் கடையில்கூட வாய் திறக்காத நம் அப்பா. அவர் "எங்க மேரி" என்றதை "எங்க அம்மா" என்று மாற்றியது மட்டும்தான் என் வேலை. அவர் சொன்ன ஒரு வரியை மேலே எழுதக் கை வரவில்லை.

"வீட்டுக்குள்ள இத்தனை வருஷம் சிகரெட் குடிச்சது நானு சார். அவ இல்ல."

இப்படிக்கு,
உன் வாயாடி மகன்,
ஜெரி