‘வேண்டாம்’ என்ற சொல்லின் பொருள் குறித்து

அனுப்புநர்:
முதுநிலை இயன்முறை சிகிச்சையாளர்,
இயன்முறை சிகிச்சைப் பிரிவு,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவச் சேவைகள் துறை.

பொருள்: ஆண் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதிலிருந்து பெண் சிகிச்சையாளர்களை விலக்கிய ஆணையை ரத்து செய்யவும், பணிக் குழுவில் ஆபாசப் படம் பகிர்ந்தவர்களை விசாரிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பிடித்துக்கொண்ட தோள், மடங்காத முழங்கால், பக்கவாதத்தில் துவண்ட கை ஆகியவற்றைத் தொட்டு, அசைத்து, மீண்டும் வேலை செய்ய வைப்பது என் தொழில். தொடாமல் இத்தொழிலைச் செய்ய இயலாது. திருமணத்துக்கு முன்பிருந்தே செய்துவருகிறேன். இன்று என் மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

2. சென்ற மாதம் ஒரு நாள், தோள் இறுக்கத்துக்காக வந்துகொண்டிருந்த ஓர் இளைஞர் சிகிச்சையின் நடுவே என் இடுப்பைப் பற்றினார். கணினிக் கடை ஊழியர்; அதுவரை மரியாதையாகவே பேசியவர். "வேண்டாம், கையை எடுங்க" என்றேன். எடுக்கவில்லை. சிரித்தபடி, "முதல்ல எல்லாரும் இப்படித்தானே சொல்வீங்க" என்றார். கையைத் தட்டிவிட்டு, கட்டிலைச் சுற்றியிருந்த திரையை முழுவதுமாக இழுத்து விலக்கினேன். அறையில் இருந்த அனைவருக்கும் கேட்கும்படி, "இன்னைக்கு இவ்வளவுதான். சட்டையப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க" என்றேன். அவர் முகத்தில் கோபம் வரவில்லை, ஐயா; வியப்பு வந்தது. நான் உண்மையாகவே மறுத்திருக்கக்கூடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் கை பட்டதைவிட அந்த வியப்புதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

3. அன்றே பிரிவுத் தலைவரிடம் எழுத்துமூலம் புகார் அளித்தேன். மறுநாள் எங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் ஆண் ஊழியர் ஒருவர் ஓர் ஆபாசப் படத்துண்டைப் போட்டார். யாருக்கு எந்த நேரப் பணி என்று அறிவிப்பதற்காக உள்ள குழு அது. படத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண், ஒரு நோயாளி, ஒரு கட்டில். அவள் மறுக்கிறாள், சற்று நேரத்தில் அம்மறுப்பு வெறும் பாசாங்கு என்று காட்டப்படுகிறது. கீழே, "நம்ம பிரிவு விளம்பரம்" என்று எழுதியிருந்தார். "மேடம், பார்ட் டூ எப்போ?" என்று இன்னொருவர் கேட்டார். மற்றும் சிலர் சிரிப்புக் குறி இட்டனர். அண்மையில் பணியில் சேர்ந்த பெண்களும் அக்குழுவில் உள்ளனர். அவர்களில் ஒருத்தி இப்போது கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு, ஆண் நோயாளியின் காலை விரல் நுனியால் தொடுகிறாள். அப்படித் தொட்டால் எந்த முழங்காலும் மடங்காது.

4. இதையும் பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். "படம் பார்க்காத ஆம்பளை யாரும்மா? அது வேற, இது வேற. பெருசு பண்ணாதீங்க" என்றார். அவர் கெட்டவர் அல்லர். என் தாயார் இறந்தபோது முதலில் வந்து நின்றவர். ஆயினும் அவர் கூற்றை நான் ஏற்க இயலாது.

5. யார் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார் என்று எட்டிப்பார்ப்பது என் வேலையன்று. உடலைக் கண்டு முகம் சுளிப்பவளும் அல்லேன். நாள் முழுதும் உடல்களோடுதான் புழங்குகிறேன். பார்த்தவர் எல்லாரும் கை நீட்டுவார்கள் என்றும் கூறவில்லை. ஆனால் பெண்ணின் சீருடை ஓர் அழைப்பு, அவள் மறுப்பு ஒரு நடிப்பு என்று நாள்தோறும் பார்த்துப் பழகிய கண், பணியிடத்துக்கு வந்ததும் மாறிவிடும் என்று நம்பச் சொல்வது நியாயமா? அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்; மனம் நகராதா? ஆணின் ‘வேண்டாம்’ எந்தப் படத்தில் இப்படிக் கேலியாகிறது? ஒரு பாலாரின் சொல்லை மட்டும் செல்லாக்காசாக்குவது இழிவுதான். அதைப் பொழுதுபோக்கு என்று பெயரிட்டால் இழிவு குறையாது.

6. சில நாள் கழித்து அந்த இளைஞர் தம் அக்காவுடன் வந்தார். அக்கா வாசலிலேயே நின்றுவிட, அவர் மட்டும் உள்ளே வந்தார். "மன்னிச்சிடுங்க மேடம். அதுல எல்லாம் இப்படித்தான் வரும். நெஜத்துலயும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்" என்றார். எதில் என்று நான் கேட்கவில்லை; அவர் காதுமடல் சிவந்திருந்தது. மன்னிப்பை ஏற்றேன். அது வேறு, இது வேறு என்பவர்களுக்கு, செய்தவரே தந்த பதில் இது. விசாரணை நடந்தால் அங்கும் இதையே கூற இசைந்துள்ளார்.

7. தவறு செய்தவர் வருந்திவிட்டார். தண்டனையோ எங்களுக்கு வந்தது. மருத்துவமனை நிர்வாகத்தின் ஆணைப்படி, ‘பாதுகாப்பு கருதி’ பெண் சிகிச்சையாளர்கள் இனிப் பெண் நோயாளிகளை மட்டுமே பார்க்க வேண்டுமாம். படம் போட்டவர்கள் அதே இடத்தில் அமர்ந்து அதே தேநீர் அருந்துகிறார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். பக்கவாதம் கண்ட பேருந்து ஓட்டுநர் ஒருவர் என் தோளைப் பிடித்தே எழுந்து நிற்கப் பழகினார். பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பாதவர். ஆணை வந்த அன்று நடைபயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே நின்று, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "நாங்க என்னம்மா தப்பு பண்ணோம்?" என்று அவர் மனைவி கேட்டார். அக்கேள்வியைத் தங்கள் மேசைக்கு அனுப்புகிறேன்.

8. எனவே, மேற்படி ஆணையை உடனே ரத்து செய்தும், படம் பகிர்ந்தவரையும் அதற்குக் கூட்டுச் சேர்ந்தவரையும் விசாரித்தும், பணியிடத்தில் இத்தகைய படங்கள் கேலியாக அன்றிக் குற்றமாகக் கருதப்படும் என்று எழுத்தில் அறிவித்தும் உதவுமாறு வேண்டுகிறேன். தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் வந்து எந்தக் கேள்விக்கும் விடையளிப்பேன்.

9. அந்த இளைஞரின் கை இன்னும் காதுக்கு மேலே உயரவில்லை. பாதியில் விட்டால் தோள் அப்படியே இறுகிவிடும். ஆணை நீங்கிய பின் அவர் வர விரும்பினால், திரை இழுக்காத கட்டிலில், நானே சிகிச்சையை முடித்துத் தருவேன். அவர் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

நாள்: மார்ச் 14
இடம்: மருத்துவமனை வளாகம்

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
முதுநிலை இயன்முறை சிகிச்சையாளர்