பஷீர் அகமது ஓட்டும் காரின் கூண்டில் வேறு இடத்தில் துளையிட்டுப் பார்க்கக் கோருதல்

அனுப்புநர்:
ஆ. செலின்,
த/பெ (காலஞ்சென்ற) ஆரோக்கியசாமி,
சேக்காடு, ஆவடி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம், காஞ்சிபுரம்.

பொருள்: 15.2.87 ஞாயிறு பந்தயத்தில் ஓடவிருக்கும் காரின் பாதுகாப்புக் கூண்டைச் சோதிக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 18.1.87 அன்று பந்தயத்தில் கார் உருண்டு என் அண்ணன் சத்தியராஜ் இறந்தார். ஓட்டுநரின் தலைக்கு மேலும் பக்கங்களிலும் இரும்புக் குழாய்களால் கட்டியிருந்த கூண்டு, அவர் மேலேயே மடிந்துவிட்டது.

2. குழாயின் கனம் சரியாக இருந்ததாகவும், அண்ணனின் அதிவேகமே காரணம் என்றும் பந்தயக் குழு அறிக்கை கொடுத்துள்ளது. கனத்தை அளக்கக் குழாயில் சிறு துளை இடுவார்கள். ஆண்டுதோறும் அந்தத் துளை ஒரே இடத்தில்தான்: இருக்கைக்குப் பின்னால், இடதுபுறம், கை எளிதில் எட்டும் உயரத்தில். விபத்துக்குப் பிறகும் அதே துளையில்தான் அளந்தார்கள்.

3. நொறுங்கிய காரை நான் போய்ப் பார்த்தேன். துளை இருந்த ஒரு முழத் துண்டு மட்டும் வளையாமல் நின்றது. மற்ற இடங்களில் முறிந்த விளிம்பு தகரம்போல் மெலிந்திருந்தது.

4. இதன் காரணம் எனக்கு முன்பே தெரியும். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று கள்ளிக்குப்பம் பட்டறை உரிமையாளர் வீரராகவன் சொன்னபடி கூண்டை வெல்டிங் செய்து, ஒட்டுத் தெரியாமல் அரம் போட்டுப் பெயிண்ட் அடித்தவர் என் அண்ணன்தான். பொங்கலுக்கு முன் சாப்பிட உட்கார்ந்தபோது, "ஓட்டை போடற எடத்துல மட்டுந்தான் கெட்டி பைப்பு கீது, செலினு. மத்ததெல்லாம் பந்தல்காரன் பைப்புதான். அவுங்க வேற எங்கயும் தொட மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் பெயர் கெடும் என்று விசாரணையில் இதைச் சொல்லவில்லை.

5. அதே பட்டறையில் அண்ணன் கையால் கட்டிய இன்னொரு காரைக் குமணன்சாவடி பஷீர் அகமது வரும் ஞாயிறு ஓட்டுகிறார். அடக்கத்தன்று அவர் மனைவி ராபியா எனக்குக் கஞ்சி கொண்டுவந்து, குடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார். அப்போதும் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். நேற்று நேரில் போய்ச் சொன்னதற்கு, "அண்ணன் போன துக்கத்துல ஒளர்றே தங்கச்சி. ஊட்டுக்குப் போய்ப் படு" என்று பஷீர் பஸ் ஏற்றிவிட்டார்.

6. பட்டறையில் யாரும் என்னுடன் பேசுவதில்லை. சாட்சிக் கையெழுத்திடவும் ஒருவரும் வரவில்லை. ஆகவே இம்மனுவில் என் கையெழுத்து மட்டுமே உள்ளது.

7. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அந்தக் காரை நிறுத்தி, பழைய துளையை விட்டு வேறெங்காவது ஒரே ஒரு துளை இட்டுப் பார்க்க ஆணையிடுமாறு மன்றாடுகிறேன். நான் சொல்வது பொய்யானால் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். உண்மையானால் என் அண்ணன் பெயரையும் குற்றத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் பெயருக்கு வரும் கடிதத்தை வாங்க வீட்டில் வேறு ஆள் இல்லை. நானே வாங்கிக்கொள்வேன்.

இடம்: ஆவடி
நாள்: 9.2.1987

இப்படிக்கு,
ஆ. செலின்