அந்தோணியார் ஆட்டுக்கு வந்த நோட்டீசு

மொரப்பூர்
20-5-83

அன்பு மவ ராஜமேரிக்கு அம்மா சொல்ல, பால்வாடி டீச்சர் தீர்த்தம்மாள் எழுதறது. மாதா புண்ணியத்துல இங்க ரெண்டு பேரும் நடமாடிக்கிட்டு இருக்கறம். டெல்லி வெயில் உனக்கு ஒத்துக்குதா, நீ வேல பாக்கற ஆஸ்பத்திரி சோறு வாய்க்கு வெளங்குதான்னு எழுது. இந்தத் தடவ உங்கப்பாவ எழுதச் சொல்லல, ஏன்னு போகப்போகத் தெரியும்.

அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட ஆட்டையெல்லாம் பூசை முடிஞ்சு ஏலம் விடுவாங்கல்ல, நொண்டி, குருடு, கெழடுன்னு யாரும் கேக்காததையெல்லாம் கோயில்பிள்ளையா மணியடிச்சு, பூசைக்கு எடுத்து வெக்கற உங்கப்பா வூட்டுக்கு ஓட்டியாந்துட்டாரு. இருவத்தாறு உருப்படி. அடுப்பங்கரைல நாலு, உன் கட்டில் மேல ஒண்ணு. அந்தக் கட்டில காரிமங்கலம் சந்தைல வாங்கியாந்தப்ப பஸ்சுல ஏத்த மாட்டன்னு கண்டக்டர் குதிச்சான் பாரு, சரி அது வேற கத. மழையும் இல்ல, தழையும் இல்ல, ஒரே வாரத்துல மூணு செத்துப்போச்சு. வித்துருங்கன்னா, அந்தோணியார் சொத்த விக்க நீ யாருடீங்கறாரு. அப்ப தழ ஒடிச்சுப் போடவும் அந்தோணியாரே வருவாருங்களான்னு கேட்டன்.

அப்புறம் யூனியன் ஆபீசுக்கு ஒரு மொட்டை மனு போச்சு. ஆபீசர் ஜீப்புல வந்து, தீனி தண்ணி இல்லாம இத்தன உசுர அடச்சு வெச்சா சட்டப்படி குத்தம், ஓனர் யாருன்னாரு. உங்கப்பா கைகட்டி நின்னு, அந்தோணியாருங்கன்னாரு. அவரும் எழுதிக்கிட்டே, அப்பா பேருன்னாரு. சாமியாரக் கேட்டுச் சொல்றனுங்கன்னாரு உங்கப்பா. நான் முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டன்.

நாலு வெச்சுக்க, மிச்சத்தப் பத்து நாள்ல தீனி இருக்கற வூட்டுக்குக் குடுத்துரு, இல்லன்னா கேசுன்னு நோட்டீசு குடுத்துட்டாரு. தோட்டத்துல தண்ணி இருக்கற மாரப்பன் ஒத்தக்கண்ணு கெடாவோட சேத்து ஏழு ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போனாரு. மனு போட்டது அவருதான்னு நெனச்சுக்கிட்டு உங்கப்பா அவரோட பேசறதில்ல. ஆனா தெனம் அங்க போயி கெடாகிட்ட ஊர்க்கதையெல்லாம் பேசி, மாரப்பன் குடுக்கற காப்பியக் குடிச்சுட்டு, கெடாகிட்டயே போயிட்டு வர்றன்னு சொல்லிட்டு வர்றாரு.

மனு போட்டது நான்தான் மேரி. இத எழுதற இதே டீச்சர்தான் எழுதிக் குடுத்தா. மூணாவது குட்டி என் மடியில கெடந்து தண்ணி தண்ணின்னு நாக்க நீட்டிச் செத்துச்சு, எனக்கு வேற வழி தெரியல. இப்ப ஆபீசர் அந்த மனுவ உங்கப்பாகிட்ட காட்டித் தொலச்சுட்டாரு. மாரப்பனுக்கு ஏது இவ்ளோ முத்து முத்தான எழுத்துன்னு ரெண்டு நாளா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்காரு.

அந்தோணியார் உன்னக் காப்பாத்தட்டும், என்மேல கோவம் இருந்தாலும். பதில்ல ஆடுன்னு ஒரு வார்த்த எழுதிராத, எனக்குப் படிச்சுக் காட்டறது உங்கப்பாதான். இதப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுரு.

உன் அம்மா
மதலேனம்மாள் (கைநாட்டு)