படத்தில் இல்லாத ஐந்தாவது பட்டை

மார்ச் 4, செவ்வாய்

செல்கள் பிழைத்திருந்தன! தொப்புள்கொடியிலிருந்து எடுத்து வளர்த்த ரத்தக்குழாய்ச் செல்கள். சர்க்கரையை அளவுக்கு மீறி ஊற்றினால் இரண்டு நாளில் சுருண்டு மிதக்கும். நாங்கள் ஆராயும் மூலிகையின் இலைச்சாறு சேர்த்த கிண்ணங்களில் மட்டும் கல் பாவியதுபோல் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தன. மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவே மனமில்லை. நான்கு வருட உழைப்பு.

மார்ச் 11

சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு வாரம்தான். சாற்றின் அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். நான்காவது அளவு வரை காப்பாற்றியது. ஐந்தாவதில் அத்தனையும் செத்துவிட்டன. வெறும் சர்க்கரையில் செத்ததைவிட அதிகம். மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் கிண்ணத்தில் சளி மாதிரி ஒரு கூழ்.

மார்ச் 13

ஆய்வகத் தலைவரிடம், எந்த அளவில் எத்தனை செல்கள் பிழைத்தன என்ற வரைபடத்தைக் காட்டினேன். நான்கு பட்டைகள் உயரம், ஐந்தாவது தரையோடு தரை. சார் அதை நகத்தால் தட்டினார்.

"இது எதுக்கும்மா கண்ண உறுத்திக்கிட்டு? எடுத்துடுங்க. அப்புறம் தனிக் கட்டுரையா போட்டுக்கலாம்."

"இல்ல சார், இது இல்லேன்னா எவ்வளவு குடிச்சாலும் நல்லதுன்னுல்ல ஆயிடும்?"

"நம்ம கட்டுரைய யாரும்மா குடிக்கப் போறாங்க?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் இடத்துக்கு வந்து அந்தப் பட்டையை அழித்தேன். அவர் கை இல்லை. என் கை.

ஜூன் 2

கட்டுரை வெளிவந்துவிட்டது. முதல் பெயர் என்னுடையது. படம் இருந்த பக்கத்தைத் திறக்காமலே மூடி வைத்தேன்.

ஜூன் 9

பேப்பரில் சார் படம். கையில் இலைக்கொத்து, முகத்தில் ஜெயித்த வேட்பாளர் சிரிப்பு. 'சர்க்கரை நோயாளிகளுக்கு இனி கவலையில்லை' என்று தலைப்பு. கீழே பொடி எழுத்தில் என் பெயர். நாங்கள் எலி வரைக்கும்கூடப் போகவில்லை. அதற்குள் மனிதருக்கே போய்விட்டது. சே, என்ன பொழப்பு இது.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை முழுக்கப் பச்சை நெடி. மிக்ஸி விளிம்பில் காய்ந்த நுரை. ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பேப்பர் துண்டு. என் பெயரைச் சுற்றி வட்டம்.

"காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். மாத்திரைய நிறுத்தி பதிமூணு நாளாச்சு" என்றாள், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. பதினோரு வருடமாகச் சர்க்கரை உள்ளவள்.

இடது காலில் துணிக்கட்டு.

"செருப்பு கடிச்சதுடி. உன் இலைதான் ரத்தக்குழாய காப்பாத்துமே, ஆறிடும்."

பிரித்துப் பார்த்தேன். அந்த நாற்றம் — இப்போதும் விரல்களில் இருக்கிறது, மூன்று தடவை சோப்பு போட்டும். அருவருப்பு அவள் கால்மேல் இல்லை. சத்தியமாக இல்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 412.

அத்தான் வராந்தாவில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ எழுதினதாச்சேன்னுதான் நானும் தடுக்கல."

ஜூன் 25

அக்காவின் கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் எரிந்து விழுந்தார்: "எந்த முட்டாள் மாத்திரைய நிறுத்தச் சொன்னது?"

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஜூன் 27

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தவில்லை.

"மாத்திரைய நிறுத்துங்கன்னு நாமளா சொன்னோம்? படிச்சவங்க வீட்டுலயே இப்படின்னா..." என்று ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார்.

அதை வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்? வெளியே வந்து குப்பைத்தொட்டியில் போட்டேன். பிறகு உட்கார்ந்து, ஐந்து பட்டைகளோடும் படத்தை மறுபடி வரைந்து, மூன்று சோதனைகளின் கணக்கையும் சேர்த்து இதழாசிரியருக்கு அனுப்பினேன். அழித்தது நான்தான் என்றும் எழுதினேன். சாருக்கும் ஒரு பிரதி.

ஜூலை 1

என் அட்டைக்கு ஆய்வகக் கதவு திறக்கவில்லை.

செப்டம்பர் 18

திருத்தம் வெளிவந்தது. அரைப்பக்கம். சார் படத்தைப் போட்ட பேப்பரில் ஒரு வரிகூட இல்லை. இதை யார் வெட்டி ஒட்டப்போகிறார்கள்?

நவம்பர் 10, திங்கள்

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வாரம். வரிசையில் பன்னிரண்டாவதாக அக்கா, கொஞ்சம் சாய்ந்த நடையோடு. கையை நீட்டினாள். நானே ரத்தம் எடுத்தேன்.

வெறும் வயிற்றில் 186. இன்னும் குறைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அதே ரத்தத்தை இன்னொரு தடவை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன். அதேதான்.

ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துக் கிசுகிசுத்தாள்: "டாக்டர் கத்துவாருடி. ஒரு நாப்பது கொறச்சுப் போட்டுக் குடேன்."

"போய் உக்காருக்கா" என்றேன்.

186 என்று எழுதிக் கொடுத்தேன்.